எட்டுப் பட்டை நீலம்

கற்கண்டு இன்னும் கரையவில்லை. இடது கடைவாயில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இது கரைகிற வரை வாயைத் திறக்கமாட்டேன், அது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். இருபத்திரண்டு வருஷமாகப் பேரத்துக்குப் போகும்போதெல்லாம் முந்தானை முடிச்சில் நாலு கற்கண்டு இருக்கும், எதிராளி ஒரு விலை சொன்னதும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், கற்கண்டு பாதி கரைவதற்குள் அவனே இறங்கி வந்துவிடுவான். ஆனால் இன்றைக்கு முதல் கற்கண்டை வாசலிலேயே செலவழிக்க வேண்டியதாகிவிட்டது. எல்லாம் அந்த வாட்ச்மேன் மாசிலாமணியால். "ஏனுங்க்கா, வேஸ்ட் கேட்டு அந்தப் பக்கமுங்களே, புது ஆளாட்டம் இங்க வந்து நிக்கறீங்க?" என்கிறான். எனக்குத் தெரியாதா? இந்தத் துணி ஏற்றுமதிக் கம்பெனியின் பின்கேட்டில் எத்தனை கம்பி என்று கேள், சொல்கிறேன், பதினேழு, மூன்றாவது கம்பி வளைந்திருக்கும், நான் கழிவுத்துணி ஏற்றுகிற வண்டி இடித்து வளைந்தது. "முன்னால கேட்டுலதான் வரச் சொல்லியிருக்குது, போன் போட்டுக் கேளு" என்றேன், அதற்குமேல் நாலு வார்த்தை சூடாகத் தொண்டை வரைக்கும் வந்தது, அவன் அப்பன் பேரையும் சேர்த்துக்கொண்டு வந்தது, கற்கண்டைப் போட்டு அமுக்கிவிட்டேன். போன் போட்டான். முகம் மாறியது. சின்னக் கதவைத் திறந்தான். நான் நகரவில்லை. "பெரிய கதவத் திற" என்றேன், கற்கண்டோடுதான். திறந்தான்! என் ஒருத்திக்காக, கன்டெய்னர் லாரிக்குத் திறக்கிற கதவு, கிரீச்சென்று இரண்டு பக்கமும். "பையைப் பாக்கோணுமுங்க" என்றான். "போறப்பப் பாரு. உள்ள வர்றவ பைய எவன் பாப்பான்?" சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதிலும் அவன் பங்குக்கு ஒரு நியாயம் உண்டு, இந்தக் கம்பெனியை விட்டு ஒரு நாளும் நான் வெறும் பையோடு வெளியே போனதில்லை.

இப்போது மணி பதினொன்று பத்து. பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சோபா உட்கார்ந்தால் கிணறு மாதிரி உள்ளே இழுக்கிறது, கால் தரையில் படவில்லை, எழுந்திருக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்போல. ஏசி குளிர் முழங்காலில் ஏறுகிறது. பின்பக்கம் குடோனில் தகரக் கொட்டகைக்கு அடியில் மூட்டைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துணி ஈரமா காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பேனே, அங்கிருந்து இந்தச் சோபாவுக்கு நேராக நடந்தால் நூறு அடிகூட இராது. இருபத்திரண்டு வருஷமாக நடந்திருக்கிறேன் அந்த நூறு அடியை. சிரிப்பு வருகிறது, சிரித்தால் கற்கண்டு விழுந்துவிடும். மடியில் போர்வை. பையிலிருந்து பாதிதான் எடுத்திருக்கிறேன், மீதி உள்ளேயே சுருண்டு கிடக்கிறது. நீலத்தின்மேல் என் ஒட்டுகள், மஞ்சள் கட்டம், சிவப்புக் கோடு, ஓட்டல் துண்டின் வெள்ளை ஓரம், மேஜை விரிப்பில் வெட்டி எறிந்த பச்சை, எல்லாம் இதே கரூரில் இவர்கள் வேண்டாம் என்று தள்ளினது, அதன்மேல் வெள்ளை நூலில் அரிசி அரிசியாய்த் தையல். இன்னும் ஒரே ஒரு ஓட்டை பாக்கி. உள்ளங்கை அளவு. அதன்மேல் வைக்க ஒரு காவிக்கோட்டுத் துண்டு கொண்டுவந்திருக்கிறேன், இருபது நிமிஷம் தாராளம், ஊசியில் நூல் கோர்த்தாயிற்று, முதல் தையல் போட்டாயிற்று. இரண்டாவது தையல் கோணலாக விழுந்தது, பிரித்தேன். பயமா? இல்லை, சந்தோஷம். பயந்தால் என் கை கோணாது, ஓங்கும்.

லோகு சொன்னதை இன்னொரு தடவை நினைத்துப் பார்க்கிறேன், நேற்றிலிருந்து நூறு தடவை ஆகியிருக்கும். லோகநாதன் போன வருஷம் இந்தக் கம்பெனிக்கு வந்த மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு ஆட்களுக்கும் தறிக்காரர்களுக்கும் நடுவில் ஓடி ஓடியே முப்பத்தைந்து வயதில் முன்மண்டை வழுக்கையானவர், நல்ல மனுஷன், என்னை வேஸ்ட்டக்கா என்று கூப்பிட்டாலும் மரியாதையாகக் கூப்பிடுவார். ஜப்பானிலிருந்து வருஷம் இரண்டு தடவை வருகிற மொரிட்டா மேடத்துக்கு என் போர்வையைக் காட்ட வேண்டும் என்று நான் அவர் காலையும் கையையும் பிடித்ததில், "முழுசா எடுத்துட்டுப் போக முடியாதுக்கா, உள்ளங்கை அளவுல ஒரு பீஸ் குடுங்க, சந்தர்ப்பம் பாத்துக் காட்டறேன்" என்று அவர் சொல்ல, நான் போர்வையிலிருந்தே, ஓரத்துக்குச் சற்று உள்ளே, ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தேன். இந்த ஓட்டை அதுதான். நேற்றுச் சாயந்திரம் போன். "அக்கா, மேடம் அந்தப் பீஸைக் கைல வாங்கினாங்க. ஒரு வார்த்தை பேசல. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், பேசவே இல்ல. திருப்பிப் பாத்தாங்க, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாங்க. அப்பறம் இத யாரு செஞ்சதோ அவங்களை நேர்ல கூட்டிட்டு வாங்கன்னாங்க. பீஸைத் திருப்பிக் குடுக்கல, ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டாங்க." போதாதா? பேசாத வாங்குபவன் விழுந்துவிட்டவன். பேரத்தில் முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றவன், அடுத்தபடியாகத் தோற்றவன் பேச்சே வராமல் நிற்கிறவன், அவனுக்குப் பொருள்மேல் கண் போய்விட்டது, எச்சில் விழுங்குகிறான் என்று அர்த்தம். இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. முதன்முதல் வாங்கின மூட்டை சொல்லித்தந்தது. இருபத்தேழு வயதில், புருஷன் விட்டுவிட்டுப் போன அடுத்த மாதம், தாலிக்கொடியை விற்று வாங்கின கட் வேஸ்ட், வெட்டு மேஜையில் மிஞ்சுகிற துண்டுத்துணி, நான்தான் அவசரப்பட்டு முதலில் பேசினேன், பேசியதில் சந்தோஷமாக விற்றான் பாவி, வீட்டில் கொண்டுபோய் அவிழ்த்தால் மூட்டைக்கு நடுவில் ஆட்டுக்கல் குழவி அளவு ஒரு கல். எடைக்கு வைத்தது. அழவில்லை. அந்தக் கல்லை இன்னமும் வைத்திருக்கிறேன், குடோன் கதவுக்கு முட்டு. தினமும் காலையில் அதைக் காலால் தள்ளித்தான் கதவைத் திறப்பேன்.

இந்த நீலம் வந்த விதத்தை நினைத்தால் அதுவும் ஒரு மூட்டைக்கு நடுவில்தான். போன ஆவணியில் சாம்பிள் ரூமை ஒழித்தார்கள், பத்து வருஷத்துச் சாம்பிள் துணி மொத்தமாக மூட்டை கட்டிப் பின்கேட்டுக்கு வந்தது. கையை விட்டேன், கல்லுக்குப் பதிலாக ஒரு கட்டு. எட்டுப் பட்டைத் துணி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, வெள்ளை நூலால் கட்டி. கெட்டி நீலம், ராத்திரி மழைக்கு முந்தின நீலம், ஓரங்களில் மட்டும் துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. இரண்டு பட்டை பத்தடி நீளம், இரண்டு மூன்றடி, மற்ற நாலும் பாதி அகலத்தில் கச்சையாய் நீண்டு. அகலம் எல்லாமே ஒன்றரைச் சாண், அல்லது அதில் பாதி. எங்கேயும் வளைவே இல்லை! கழுத்து வெட்டில்லை, கக்கத்து வெட்டில்லை, ஒரு ஓரம்கூடக் கோணல் இல்லை. இது சட்டையும் இல்லை, பாவாடையும் இல்லை, எந்தப் பிராணி இதைப் போடும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரம் நெடுக ஊசித் துளை, நேர்கோடாய். ஆக எதையோ தைத்துப் பிரித்திருக்கிறார்கள். பிரித்த துணி என்றால் கரூரில் ரிஜெக்ட் என்று அர்த்தம், வேறு அர்த்தம் கிடையாது. அப்புறம்தான் லோகு செல்லில் படம் காட்டினார், ஜப்பான்காரர்கள் நீலத் துணி கிழியக் கிழிய ஒட்டுப் போட்டு, ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டு, வெள்ளை நூலால் ஓடவிட்டு ஓடவிட்டுத் தைத்த பழைய போர்வைகள், அங்கே கண்காட்சியில் மாட்டிவைக்கிறார்களாம், அவர்கள் உடுப்புத் தைக்கிறதைப் பற்றியும் சொன்னார், ஒரே தான் துணியை நேர் நேராகத் துண்டு போட்டு முழுவதையும் தைத்துவிடுவார்களாம், தரையில் விழுகிற கழிவே இருக்காதாம். கழிவே இல்லாத ஊர்! அங்கே பிறந்திருந்தால் நான் பட்டினி கிடந்து செத்திருப்பேன். ஆனால் படங்களைப் பார்க்கப் பார்க்க உள்ளங்கை அரித்தது. ஒட்டுத்துணிக்கு அவ்வளவு மரியாதையா? நான் குளிக்கிற இடம் தவிர வீடு பூராவும் ஒட்டுத்துணிதானே ஐயா வைத்திருக்கிறேன்.

கத்தரியை மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் வைத்துவிட்டேன். பக்தியெல்லாம் இல்லை. கழிவு வியாபாரத்தில் முழு நீளத்துக்கு ஒரு விலை, வெட்டினதுக்கு ஒரு விலை, கை தன்னால் நின்றுவிடும். பட்டைகளை வெட்டாமலே மடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் காடாத் துணி கொடுத்து, மேலே என் துண்டுகளை ஒட்டுப் போட்டேன். முதல் ஒட்டு நாலு தடவை பிரித்தேன். எனக்கு எதையும் இழுத்துக் கட்டித்தான் பழக்கம், மூட்டையைக் காலால் மிதித்துக் கயிற்றை இழுக்கிற கை இது, நூலையும் அப்படி இழுத்தேன், துணி கிழவி வாய் மாதிரி சுருங்கிக்கொண்டது. கோபம் வந்தால் இன்னும் இழுத்தேன். ஊசியை வீசினேன். மறுநாள் தேடி எடுத்தேன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் அவர்கள் திருப்பத்துக்குத் திருப்பம் நூலைக் கொஞ்சம் தளர விட்டிருந்தார்கள், பின்பக்கம் குட்டிக் குட்டி வளையமாய். அப்படி விட்டதும் துணி படுத்தது, சொன்ன பேச்சைக் கேட்டது. எட்டு மாதம். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம், குடோனில், மூட்டைமேல் உட்கார்ந்து. என்னிடம் துணி பிரிக்கிற பொம்பளைகள் ஆறு பேரும், "அக்காளுக்கு என்னமோ ஆயிப்போச்சு, வைய மாட்டேங்குது" என்று பேசிக்கொண்டார்கள். இந்த மேடம் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆறு பேரும் ஊசி பிடிப்பார்கள், ஆறு பேரும் இந்த முன்கேட்டில் வருவார்கள், பெரிய கதவை மாசிலாமணி நித்தமும் திறக்க வேண்டும். மொரிட்டா மேடத்துக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'நாளைக்கு' என்று லோகு சொல்லிச் சிரிப்பார், "நாங்க அவங்ககிட்டச் சொல்றது அது ஒண்ணுதானேக்கா." நான் அப்படிச் சொல்லமாட்டேன். நான் சொன்ன தேதியில் கொடுப்பேன். சேலை மாற்றிக்கொண்டு வந்திருக்கலாமோ. இதுவே நல்ல சேலைதான். தையல் எட்டு ஆயிற்று, காவித்துண்டின் ஒரு பக்கம் படிந்துவிட்டது. இரண்டாவது கற்கண்டு. இது பேரத்துக்கில்லை, சும்மா, இனிக்கட்டும்.

ரிசப்ஷன் மேஜையிலிருந்து அந்தப் பெண் யமுனா எழுந்து வருகிறாள், வந்ததிலிருந்து என்னையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள். "அக்கா, தண்ணி வேணுமா? ஐய, என்னக்கா இது, நீங்களே தச்சதா? சூப்பரா இருக்குதுக்கா" என்று பக்கத்தில் குந்துகிறாள். தலையை ஆட்டினேன், கற்கண்டு. அவள் ஒட்டுகளைத் தடவிக்கொண்டே வந்து நீலத்தில் நின்றாள். நீலத்தைக் கசக்கினாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "இந்தத் துணி எங்கக்கா புடிச்சீங்க?" விரலால் பின்பக்கத்தைக் காட்டினேன், வேறெங்கே. "அய்யோ" என்றாள். அவள் சொன்ன அந்த ஒரு 'அய்யோ'வில் ஊசியைப் பாதித் தையலில் நிறுத்தினேன். "அக்கா, போன வருஷம் ஆவணியில மொரிட்டா மேடம் ஒரு நீலத் துணிக் கட்டு கொண்டாந்திருந்தாங்க. அவங்க அப்பா உடுத்தினதாம். அவங்க ஊர்ல அப்படியாம்க்கா, துவைக்கோணும்ன்னா முழு உடுப்பையும் பிரிச்சுருவாங்களாம், பட்டை பட்டையாத் துவைச்சு, மறுபடி தச்சுக்குவாங்களாம். துவைச்சு வச்சதைத் தைக்கறதுக்குள்ள அவர் போயிட்டாராம். அந்த நீலம் நம்ம சாயத்துல வருமான்னு பாக்கக் கொண்டாந்தாங்க. சாம்பிள் ரூம் மேஜைல வச்சது, ஒழிச்சப்ப எங்க போச்சுன்னே தெரியல. ரெண்டு நாள் தேடுனோம்க்கா, குப்பையெல்லாம் கொட்டிப் பாத்தோம். மேடம் ஒரு வார்த்தை திட்டல. இந்தச் சோபாவுலதான் உட்காந்திருந்தாங்க, சும்மாவே. லோகு சாருக்கு முன்னாடி இருந்த மெர்ச்சண்டைசரை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." போன் அடித்தது. யமுனா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் எடுத்தாள்.

பில் இருக்கிறது. முதலில் அதுதான் வந்தது, பில் இருக்கிறது, கேட் பாஸ் இருக்கிறது, எடை போட்டுக் கையெழுத்து வாங்கிப் பின்கேட்டில் சட்டப்படி எடுத்தது, நான் ஒன்றும் திருடவில்லை, சத்தமாகச் சொல்வேன், கூரை பறக்கச் சொல்வேன், எவன் கேட்பான் பார்க்கிறேன். பிரித்துப்போட்ட எட்டுத் துண்டைப் பார்த்து இது முழு உடுப்பு என்று எவள் கண்டாள்? எங்கள் ஊரில் பிரித்தால் போயிற்று! அப்பன் துணி என்றால் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும், கடல் தாண்டிக் கொண்டுவந்து கண்ட மேஜையில் வைத்துவிட்டு, வைத்துவிட்டு என்ன, வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாளாமே. திட்டாமல். திட்டியிருந்தால் எனக்கு இப்போது லேசாக இருக்கும். அவள் பேசவில்லை, ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், லோகு சொன்னாரே, திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நான் அதைத் தூண்டிலில் மாட்டின மீன் என்று எண்ணி நேற்று ராத்திரி பூராவும் சிரித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் கையில் இருந்தது அவள் அப்பன் துணியில் நான் வெட்டின துண்டு. பீஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏன் கொடுப்பாள்? என்னை எதற்கு வரச்சொன்னாள், ஆர்டருக்கா? நேரில் கூட்டிவாருங்கள் என்றாள், அதுவும் முன்கேட்டு வழியாக, போலீஸ் ஸ்டேஷனுக்கும் முன்வாசல்தான். எழுந்து போய்விடலாம். பின்பக்க வழி எனக்குத் தெரிந்த மாதிரி இந்தக் கம்பெனி முதலாளிக்கே தெரியாது, கேன்டீன் வழியாகப் போனால் பதினேழு கம்பி, ஐந்து நிமிஷம். யமுனாவிடம், வேற இடத்துல வாங்கின துணி, எல்லா நீலமும் ஒரே மாதிரிதான் கண்ணு என்று ஒரு பொய், என் வாயில் பொய் வழுக்கிக்கொண்டு போகும். அல்லது காவித்துண்டை இன்னும் நாலு தையலில் மூடிவிட்டு, நீலம் குறைவாகத் தெரிகிற பக்கத்தை மேலே வைத்து மடித்து, மடிப்பில் என்னை ஜெயிக்க ஆளில்லை, கறையை உள்ளே போட்டு நல்லதை வெளியே காட்டி எத்தனை பேல் மூட்டை விற்றிருக்கிறேன். மூட்டைக்கு நடுவில் கல்லை வைத்துத் தைக்கிறமாதிரி. காலையில் காலால் தள்ளினேனே அந்தக் கல். இன்றைக்கு மூட்டை கட்டுகிறவள் நான். மூன்றாவது கற்கண்டைப் போட்டேன், இனிக்கவே இல்லை, உப்புக்கல் மாதிரி இருக்கிறது. அந்த மெர்ச்சண்டைசர் எங்கே போனானோ, பேர்கூடத் தெரியாது எனக்கு.

கை என்ன செய்கிறது? பார்க்கிறேன், கை காவித்துண்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. ஊசி முனையால் ஒரு தையலைத் தூக்கி, அடுத்ததைத் தூக்கி, நூலைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று வருகிறது, ஒரே இழுப்பு, தளர விட்ட நூல் ஆகையால் சிக்கவில்லை, அறுக்கவும் வேண்டாம். காவித்துண்டு மடியில் விழுந்தது. ஓட்டை தெரிகிறது. அதற்குப் பக்கத்து மஞ்சள் கட்டம். அதையும் தூக்கினேன். எட்டு மாதம் என்று மனசு கத்துகிறது, கை கேட்கவில்லை, சர். ஆறு பொம்பளைகள், சர். நான் வெட்டவில்லையே, அட, நான் வெட்டவில்லையே! எட்டும் முழுசாக இருக்கிறது உள்ளே, மடித்து மடித்து, ஒரு நூல் குறையாமல், கழிவுக்காரியின் கஞ்சக் கையால் தப்பித்த எட்டுப் பட்டை, பிரித்தால் பழையபடி கட்டிக் கொடுத்துவிடலாம், இரண்டு நாள் வேலை, ஒரே ஒரு உள்ளங்கை தவிர. நெஞ்சு இப்போது அடிக்கிற அடி காலையில் அடித்ததைவிடப் பெரிது, இதுவும் சந்தோஷம் மாதிரிதான் இருக்கிறது, எது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சோபா இன்னொரு பக்கம் அமுங்கியது. நிமிர்ந்தேன். பக்கத்தில் ஒரு சின்ன உருவம், நரைத்த குட்டை முடி, சாம்பல் சட்டை, கால் அவளுக்கும் தரையில் படவில்லை. எதிரே லோகு நின்றுகொண்டு, "அக்கா, மேடமே வந்துட்டாங்க, உங்கள உள்ள வரச் சொல்லலாம்ன்னா கேக்கல" என்று என் மடியைப் பார்த்தவர், "ஐயோ, என்னக்கா பிரிக்கறீங்க!" என்று அலறினார். மேடம் பேசவில்லை. நீலத்தைப் பார்க்கிறாள். நானும் பேசவில்லை. சுவரில் கடிகாரம் பதினொன்றரை. இந்த மாதிரி ஒரு மௌனத்தை நான் எந்தக் குடோனிலும் பார்த்ததில்லை, இரண்டு பக்கமும் பேசாமல், யார் முதலில் வாய் திறப்பது, நான் ஜெயிப்பேன், எவ்வளவு நேரமானாலும் இருப்பேன், முந்தானை முடிச்சில் கடைசிக் கற்கண்டு இருக்கிறது. முடிச்சை அவிழ்த்தேன். அவள் என் விரலையே பார்த்தாள். என்ன நினைத்தேனோ, கற்கண்டை அவள் கையில் வைத்துவிட்டேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், அப்புறம் வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள், இடது பக்கம்தான். என் வாய் வெறுமையாக இருந்தது. "இது உங்க துணிங்க" என்றேன்.

"அக்கா!" என்றார் லோகு. "சொல்லு லோகு, ஒரு வார்த்தை கொறைக்காமச் சொல்லு. வேஸ்ட் மூட்டைல வந்துச்சு. எனக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வெட்டல. எட்டும் முழுசா இருக்குது. ரெண்டு நாள் குடுத்தாப் பிரிச்சுத் தந்தர்றேன். ஒரு துண்டு மட்டும் வெட்டிட்டேன், அத ஒட்ட வெக்க என்னால முடியாது." லோகு என்னைப் பார்த்தார். "என்னக்கா இது, பேரமா?" "இல்லடா சாமி, இல்ல." முதலில் பேசிவிட்டேன். பேசிக்கொண்டே இருக்கிறேன். லோகு இங்கிலீஷில் என்னென்னவோ சொல்கிறார், கையை ஆட்டுகிறார், எட்டு விரல் காட்டுகிறார். மேடம் போர்வையின் அடிப்பக்கத்தைத் திருப்பி, மடிப்புகளுக்குள் விரலை விட்டு ஓரம் ஓரமாக ஓட்டிக்கொண்டே போகிறாள், நான் மூட்டைக்குள் கையை விடுகிற மாதிரியே, கண்ணை மூடிக்கொண்டு. உதடு அசைகிறது. அவள் பாஷையில் எண்ணுகிறாள், எட்டாவதில் நின்றாள். பிரிக்கப்போன என் கை இன்னும் அடுத்த ஒட்டின்மேல் இருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு சின்னக் கைக்கு அவ்வளவு பிடி. ஹேண்ட்பேக்கைத் திறந்து உள்ளங்கைத் துண்டை எடுத்தாள், ஓட்டையில் வைத்தாள். சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி, வெட்டின இடம் பிசிறிவிட்டது, சரியாகச் சேரவில்லை. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அப்புறம் என் மடியில் விழுந்துகிடந்த மஞ்சள் கட்டத்தை எடுத்து நீவினாள். அதற்கு எது இடம் என்று யாரும் சொல்லவில்லை. நீலத்தில் என் ஊசி போட்ட துளைகளை விரல்நுனியால் தடவித் தடவி, கண்டுபிடித்து, அங்கேயே வைத்தாள். ஊசியை என் பக்கம் நீட்டினாள்.

தைத்தேன். மஞ்சள், அதன்பின் அந்த உள்ளங்கைத் துண்டு, இடைவெளியை மூடச் சுற்றிலும் காவியை நாலாகக் கிழித்துக் கரை மாதிரி வைத்து. இழுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள், ஆறிப்போயிற்று. கடைசி முடிச்சுப் போடும்போது அவள் கன்னத்தில் கற்கண்டு கடக்கென்று உடைந்த சத்தம் கேட்டது. போர்வையை அவளே மடித்து, நான் மடிக்கிற மாதிரி இல்லை, ஓட்டைப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து, தன் மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "நாளைக்கு" என்றாள். லோகு கேட்டு விளக்கினார்: பத்து மணிக்கு வர வேண்டுமாம், என் துணி மட்டும் கொண்டுவர வேண்டுமாம், அவங்க துணி ஒரு நூல்கூட வேண்டாமாம், இதேமாதிரி அவர்கள் கண்ணெதிரில் ஒன்று ஆரம்பிக்க வேண்டுமாம், என்னிடம் இருக்கிற ஆறு பேரைப் பற்றி லோகு சொல்லியிருக்கிறாராம், அவர்களையும் கூட்டிவரச் சொன்னாலும் சொல்வார்களாம், அது நாளைக்குத்தான் தெரியுமாம். போன வருஷம் அனுப்பிவிட்ட அந்த மெர்ச்சண்டைசருக்குத் தானே எழுதுவதாகவும் சொன்னாராம். விலை? நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சோபாவிலிருந்து எழ யமுனா ஒரு கை, லோகு ஒரு கை.

வெயில் முகத்தில் அறைகிறது. முதல் வேலையாகக் கற்கண்டு வாங்க வேண்டும், முடிச்சு காலி. இல்லை, முதலில் குடோன், பச்சையும் சிவப்புமாகப் போன வாரம் வந்த மூட்டை, அதில் ஓட்டல் துண்டு ஓரம் நிறைய இருக்கும், ஊசி ஆறு, நூல், அந்த ஆறு பேரில் ராக்காயிக்குக் கண் சரியில்லை, கண்ணாடிக்கடை எத்தனை மணிக்குத் திறக்கிறான், விலை கேட்காமல் வந்துவிட்டேனே பாவி, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை, சொல்லிக் கேட்டால் ஊரே சிரிக்கும், சிரிக்கட்டும். மாசிலாமணி கதவுக்கு நடுவில் வந்து நிற்கிறான், இப்போது பாக்கலாமில்லீங்க என்று கையை நீட்டுகிறான். பையை அவன் கையிலேயே கொடுத்தேன். திறந்தான். உள்ளே கையை விட்டான். முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினான். தலைகீழாகப் பிடித்து உதறினான். ஒரே ஒரு வெள்ளை நூல் விழுந்தது, காற்றில் பறந்து போயிற்று.

"ஏனுங்க்கா, ஒண்ணுமே எடுத்துட்டுப் போகல?"

"பெரிய கதவத் திற, மாசிலாமணி. நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி திறக்கோணும், எண்ணெய் போட்டு வை."